டிசைனரின் வாரக் குறிப்புக்கு லாய்ஷ்டுர்ம்1917: 80 கிராமா, 120 கிராமா?

வாரம் முழுக்கக் கண்ணில் பட்டதையும் மேஜையில் முட்டி மோதியதையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்க டிசைனர்கள் தேடும் நோட்டுகளில், ஜெர்மனியின் லாய்ஷ்டுர்ம்1917 பெயர் அடிக்கடி அடிபடும். பெயருக்குக் கலங்கரை விளக்கம் என்று பொருள். ஏ5 அளவு, கெட்டி அட்டை, புள்ளிக் கட்டம் போட்ட ரகத்தை மட்டும் இங்கே பார்க்கலாம். அதிலேயே இரண்டு உண்டு: சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள தாளில் எண்ணிட்ட 251 பக்கம், 120 கிராம் தாளில் 203 பக்கம்.

இதன் பலம் தாள் இல்லை, பக்க எண். எழுதி வைப்பது சுலபம். எட்டு மாதம் கழித்து அந்த ஒரு குறிப்பைத் தேடி எடுப்பதுதான் பாடு. நோட்டின் முன்னால் பொருளடக்கத்துக்கென்று காலிப் பக்கங்கள் விட்டிருக்கிறார்கள். அங்கே "12ஆம் வாரம்" என்று எழுதினால் எதற்கும் உதவாது. "44–47: துருப்பிடித்த கேட், இரண்டு பச்சை, பட்டன் மூலை வளைவு" என்று எழுதினால்தான் பின்னால் கை கொடுக்கும்.

வாரத்துக்கு 4 பக்கம் போதும். முதல் இரண்டில் பார்த்தவை: வரைந்தது, ஒட்டியது, கூடவே எங்கே, எப்போது, யார் செய்தது என்ற ஒரு வரி. அந்த வரி இல்லாத படம் பின்னால் வெறும் அலங்காரம். மூன்றாவதில் அந்த வாரம் எடுத்த முடிவும் அதன் காரணமும். நான்காவதில் பாதியில் நிற்பவை. பலரும் விட்டுவிடுவது இந்த நான்காவதைத்தான். அடுத்த திங்கட்கிழமை முதலில் திறக்க வேண்டியதும் அதுவே. இந்தக் கணக்கில் 80 கிராம் நோட்டு 62 வாரம் ஓடும். 120 கிராம் நோட்டு 50 வாரத்தில் முடிந்து, வருடக் கடைசியில் கையைக் கடிக்கும்.

புள்ளிகளுக்கு இடையே 5 மி.மீ. திரை வடிவமைப்பவர்கள் ஒரு புள்ளி இடைவெளியை 16 பிக்சலாக வைத்துக்கொண்டால் மாட்டிக்கொள்வார்கள்: 360 × 800 பிக்சல் போன் திரைக்கு 250 மி.மீ. உயரம் வேண்டும், பக்கமோ 210 மி.மீ.தான். 24 பிக்சலாக வைத்தால் அகலம் 15 இடைவெளி, அதாவது 75 மி.மீ.; உயரம் சுமார் 167. பக்கத்தின் அகலம் 145 மி.மீ. என்பதால் பக்கவாட்டில் குறிப்பெழுத 70 மி.மீ. மிஞ்சும். அசல் ஏ5 தாளின் அகலம் 148 என்பதை மறக்க வேண்டாம். ஏ5-இல் அச்சடித்ததை ஒட்டினால் 3 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும்.

நிறம் பார்ப்பவர்களுக்கு ஒரு குறை: தாள் வெள்ளை இல்லை, இளமஞ்சள் சாயல். அதில் நேரடியாகப் பூசிய நீலம் கொஞ்சம் மங்கிப் பச்சைப் பக்கம் சாயும். வண்ண மாதிரியை வெள்ளைத் தாளில் பூசி, வெட்டி ஒட்டுவதே சரி. மாதிரியைப் பகல் வெளிச்சத்திலும் விளக்கடியிலும் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒன்றில் பொருந்தும் இரண்டு நிறம் இன்னொன்றில் பிரிந்து தெரியும்.

80 கிராம் தாளில் 0.5 மி.மீ. ஜெல் பேனாவும் பிக்மென்ட் மை லைனரும் (நிறமி மை போட்ட மெல்லிய கோட்டுப் பேனா) பிரச்சினை தராது. மை தாராளமாக இறங்கும் ஊற்றுப்பேனா என்றால் எழுத்தின் நிழல் மறுபக்கம் தெரியும். 120-இல் அது வெகுவாகக் குறையும். ஆல்கஹால் மார்க்கர் மட்டும் இரண்டையும் ஊடுருவும். அடியில் அட்டை வைத்தால் அடுத்த பக்கமாவது தப்பும்.

ஒட்டுவதில்தான் நோட்டுகள் பாழாகின்றன. நீர்ப்பசையில் தாளின் நார் ஊதி, காய்ந்ததும் அலையலையாகச் சுருங்கும். குச்சிப் பசை போதும். ரசீது, டிக்கெட் போன்றவை பெரும்பாலும் மை இல்லாமல் சூட்டால் அச்சாகும் வெப்பத்தாள்; எழுத்து தானாகவே மங்கும், சில பசை பட்டால் இன்னும் சீக்கிரம். நகலெடுத்து ஒட்டுங்கள். தடிமனைக் கவனித்தீர்களா? கால் மி.மீ. போட்டோத் தாள் 60 ஒட்டினால் 15 மி.மீ. கூடுகிறது. அதாவது உள்ளே இருக்கும் தாள்கட்டு அளவுக்கு இன்னொன்று. அட்டை வாயைப் பிளந்து நிற்கும், நோட்டை மூடிப் பிடிக்கும் ரப்பர் பட்டையும் தளர்ந்துவிடும்.

இடம் பண்ண நடுவிலிருந்து தாளைக் கிழிக்கலாம் என்று தோன்றும். நூல் தையல் போட்ட நோட்டு இது. ஒரு தாளைக் கிழித்தால் அதே மடிப்பின் மறுபாதியான ஜோடித் தாளும் ஆட ஆரம்பிக்கும், பக்க எண்ணிலும் ஓட்டை விழும். போட்டோக்களைச் சாதாரணத் தாளில் சிறியதாக அச்சடித்து ஒட்டிவிட்டு, தடித்த மாதிரிகளைப் பின் அட்டைப் பையில் போட்டு, மேலே பக்க எண்ணைக் குறித்துவிடுங்கள்.