கும்பகோணத்தில் அப்பாவின் லேப்டாப்பைத் திறந்த கதை

இந்த முறை சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனதில் கல்யாணம், குலதெய்வக் கோயில், சொந்தக்காரர் வீடுகள் எல்லாம் நல்லபடியாக முடிந்தன. அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியது அப்பாவின் லேப்டாப்பைப் பற்றி. "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்று ஒருவர் சாதாரணமாகச் சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்பா தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் கும்பகோணத்திலேயே வாங்கிக் கொடுத்த லேப்டாப் அது, விண்டோஸ் 7 ஹோம் பேசிக். அரசலாற்றிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் வாய்க்கால் எந்த மதகில் எத்தனை கிளையாகப் பிரிகிறது, முறை வைத்துத் தண்ணீர் விட்ட காலத்தில் எந்தத் தெருவுக்கு எந்த ராத்திரி, தூர்ந்து மனைக்கட்டாகிப் போன குளங்களுக்கு என்ன பெயர், எல்லாவற்றையும் தலைமடையிலிருந்து கடைமடை வரை பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு அதில் தட்டச்சு செய்து வைத்தார். சொன்னவர்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. 2016 மகாமகத்தில் எடுத்த படங்களும் அதற்குள்தான்.

கண் ஆபரேஷனுக்குப் பிறகு மூடி வைத்தவருக்குப் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. தப்பாக எதையாவது போட்டால் கீழே ஒரு குறிப்பு வரும். 'பழசுதான்' என்று ஆங்கில எழுத்தில் அவரே போட்டு வைத்தது. எந்தப் பழசு என்று அவருக்கும் தெரியவில்லை. அம்மா பெயர், பள்ளிக்கூடத்துப் பெயர், ஸ்கூட்டர் நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தோம். அந்த விண்டோஸ் எத்தனை முறை தப்பாகப் போட்டாலும் பூட்டிக்கொள்ளாது, அதுவரைக்கும் நிம்மதி.

முதலில் கொண்டுபோனது கண்ணாடிக் கதவும் ஏசியும் டோக்கனும் உள்ள ஒரு கடைக்கு. ஃபைல்கள்தான் முக்கியம், லேப்டாப் போனாலும் பரவாயில்லை என்று கவுண்டரில் அழுத்திச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, அட்டையில் பாஸ்வேர்ட் என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். மறுநாள் போன் வருகிறது: "சார், ஃபார்மட் பண்ணி விண்டோஸ் 10 போட்டுடலாமா? டேட்டா இருக்காது, ஓகேதானே?" பீரோ சாவி தொலைந்துவிட்டது என்று உள்ளே இருக்கும் நகையோடு பீரோவை எடைக்குப் போடுவார்களா? தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினேன். போய்ப் பார்த்தால் பென் டிரைவ் ஏற்கெனவே செருகியிருந்தது. அன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பதிலிருந்து கரண்ட் இல்லை. அவர்கள் இன்வெர்ட்டர் பில் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும்தான். லேப்டாப்பின் பேட்டரி செத்துப் பல காலம் ஆகிறது. கரண்ட் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது. "எல்லாரும் அப்படித்தான் சார் பண்ணிக்கிறாங்க" என்றார் அந்த டெக்னீஷியன். கோபப்படக்கூட நேரமில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தேன்.

நான் கல்லூரியில் படித்த காலத்தில் இதே ஊரில் ஒரு பிரவுசிங் சென்டர் அண்ணன் இருந்தார். ஃப்ளாப்பி படிக்கவில்லை என்றால் வேறு மிஷினில் போடுவார், அப்புறம் இன்னொன்றில் போடுவார், நம் பிராஜெக்ட் ரிப்போர்ட் வெளியே வரும்வரை விடமாட்டார். அந்த ஊருக்கா இந்த நிலைமை என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

சித்தப்பா மகன் சொல்லி அப்புறம் போனது பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு மாடிக்கடை. மொபைல் ரிப்பேர்தான் பிரதானம். இருபத்தைந்து வயது இருக்கும் அந்தத் தம்பிக்கு. கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டார்: "உள்ள என்னண்ணே இருக்கு? பாஸ்வேர்ட் விண்டோஸ் வந்தப்புறம் கேக்குதா, ஆன் பண்ணின உடனே கறுப்புத் திரையிலயே கேக்குதா?" இரண்டாவது என்றால் பயாஸ் பூட்டு, விண்டோஸ் வருவதற்கு முன்பே மிஷினே போடும் பூட்டு, அது வேறு வேலையாம். இன்னொன்றும் சொன்னார்: "ஐயாவோட மிஷின்னா ஐயாவே வரணும்." எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது. சிங்கப்பூரில் இதற்கு ஒரு படிவம் நீட்டுவார்கள், திறந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் வாங்கும் கடைகளும் உண்டு. இங்கே அப்பா படியேறி வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தம்பி எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தார் என்று விசாரித்து முடித்த பிறகுதான் வேலை ஆரம்பித்தது.

விண்டோஸைத் தொடவே இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு இயங்குதளம் போட்ட பென் டிரைவிலிருந்து லேப்டாப்பைக் கிளப்பினார். "டிஸ்க் பழசுண்ணே, எப்ப வேணா போகும். முதல்ல காப்பி, அப்புறம்தான் மத்ததெல்லாம்" என்று எல்லா ஃபோல்டரையும் வேறு ஹார்ட் டிஸ்க்குக்கு ஓடவிட்டார். டிஸ்க் குறியாக்கம் செய்யப்படாததால் விண்டோஸின் பாஸ்வேர்ட் அங்கே குறுக்கே வராது. காப்பி முடிந்த பிறகுதான் பாஸ்வேர்ட் பக்கம் போனார். விண்டோஸ் அதை அப்படியே எழுதி வைப்பதில்லை, ஹாஷாக, அதாவது திருப்பிப் படிக்க முடியாத குறியீடாக மாற்றி, சாம் என்ற ஃபைலில் வைத்திருக்கிறது. அதிலிருந்து பழைய பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க மெனக்கெட வேண்டியதில்லை, காலியாக்கினால் போதும். புரொஃபஷனல் பதிப்பாக இருந்து, ஃபைல்களை விண்டோஸே பூட்டியிருந்தால் இப்படிக் காலியாக்கும்போது அவை திறக்காமல் போகும், ஹோம் பேசிக்கில் அந்த வசதியே இல்லை என்றும் விளக்கினார்.

கடைசியில் அவர் செய்ததுதான் பெரிய விஷயம். "ஃபாண்ட் ஃபோல்டரையும் எடுத்துக்கங்கண்ணே" என்றார். அப்பா அடித்ததெல்லாம் பாமினியில். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடத்தில் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். வாங்கியது 400 ரூபாய். அதிகம் கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்கு ஒன்று. அப்பா அம்மாவுக்குப் புது லேப்டாப் வாங்கிக் கொடுக்கும்போது மைக்ரோசாஃப்ட் கணக்கில் நம் வெளிநாட்டு நம்பரைப் போட்டுவிட்டு வருகிறோம். அவர்கள் பாஸ்வேர்டை மறந்தால் ஓடிபி நமக்குத்தான் வரும், அவர்களுக்கு வராது. அவர்கள் நம்பரையும் சேர்த்துப் போடுங்கள். டிஸ்க்கையே குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியை ஒரு தாளில் அச்சடித்துப் பத்திரத்தோடு வையுங்கள். அது இல்லாவிட்டால் இந்தத் தம்பியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

கும்பகோணம் பக்கம் யாருக்காவது இதே சிக்கல் என்றால் கேளுங்கள், கடை விலாசம் தனியாகத் தருகிறேன். மதியம் இரண்டிலிருந்து நாலு வரை பூட்டியிருக்கும். லேப்டாப்போடு சார்ஜரையும் எடுத்துப் போங்கள்.