கோணிய கால் பெருவிரல்: ஆபரேஷனா, அகலமான ஷூவா?

கால் பெருவிரல் எவ்வளவு கோணியிருக்கிறது என்பதைப் பார்த்து ஆபரேஷனுக்குத் தேதி குறிக்காதீர்கள். வலி உங்களை எதைச் செய்யவிடாமல் தடுக்கிறது என்று பாருங்கள். நன்றாக வளைந்துபோன விரலோடு வலியே தெரியாமல் நடப்பவர்கள் இருக்கிறார்கள், சின்னப் புடைப்புக்கே ஷூ போட முடியாமல் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் 15 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தால் ஹாலக்ஸ் வால்கஸ் (கோணிய பெருவிரலுக்கு மருத்துவப் பெயர்) என்று எழுதிவிடுவார்கள், ஆனால் உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறது என்று அந்த எண்ணுக்குத் தெரியாது.

அந்தப் புடைப்பு புதிதாக முளைத்த எலும்பு, சீவி எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில், பெருவிரலுக்குப் பின்னால் இருக்கும் நீள எலும்பு ஒரு பக்கம் விலகிப் போக, விரல் அதற்கு எதிர்ப்பக்கம், இரண்டாவது விரலை நோக்கிச் சாய, இரண்டும் சேருகிற மூட்டுதான் பெரும்பாலும் அப்படித் துருத்திக்கொண்டு நிற்கிறது. இது புரிந்துவிட்டால் ஒப்பிடுவது சுலபம். ஷூவோ பேடோ விலகிய எலும்பைத் திரும்பக் கொண்டுவராது. எலும்பை நகர்த்தாமல் புடைப்பை மட்டும் சீவினால் மறுபடி வர வாய்ப்பு அதிகம்.

சரி, கத்தி வைக்காத வழியை முதலில் பார்ப்போம். இதில் ஷூ மாற்றுவதற்கு ஈடாக வேறு எதையும் நான் சொல்ல மாட்டேன். ஒரு வெள்ளைத்தாளில் வெறுங்காலோடு எழுந்து நின்று, பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுங்கள். அப்புறம் நீங்கள் தினமும் போடுகிற ஷூவை அதன் மேல் வையுங்கள். பெருவிரல் பக்கம் கோடு ஷூவுக்கு வெளியே தெரிந்தால், நாள் முழுக்க அந்த மூட்டு எங்கே போய் இடிக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பக்கம் அகலமாக, மேல்பக்கம் மெத்தென்று, ஹீல் தாழ்வாக இருக்கிற ஷூவை, கால் கொஞ்சம் வீங்கியிருக்கிற சாயங்கால நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். சில மாதம் ஒழுங்காகப் போட்டாலே பலருக்கு வலி அடங்கிவிடுகிறது. புடைப்பின் மேல் ஒட்டுகிற பேடும் வலி கூடும்போது ஐஸும் நல்ல துணை. விரலிடையில் வைக்கிற சிலிக்கான் துண்டு அகலமான ஷூவுக்குள் சிலருக்கு இதமாக இருக்கும், இறுக்கமான ஷூவுக்குள் இருக்கிற கொஞ்ச இடத்தையும் அதுவே அடைத்துக்கொள்ளும். ராத்திரியில் கட்டிக்கொண்டு தூங்கினால் விரல் நேராகிவிடும் என்று விற்கிற ஸ்ப்ளிண்டை நம்பிப் பணத்தைப் போடாதீர்கள், வளர்ந்தவர்களின் எலும்பை அது நிரந்தரமாக நிமிர்த்தாது.

ஷூவுக்குள் பாதத்துக்கு அடியில் வைக்கிற இன்சோல் பற்றி ஒரு நல்ல ஆய்வு உண்டு. பின்லாந்தில் 209 பேரை ஆபரேஷன், இன்சோல், சும்மா காத்திருப்பது என்று மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்து, 2001இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தில் இன்சோல் போட்டவர்களுக்கும் வலி குறைந்திருந்தது, ஆனால் ஒரு வருடம் முடிந்தபோது ஆபரேஷன் செய்தவர்கள்தான் தெளிவாக முன்னால் இருந்தார்கள். ஆகவே ஆபரேஷன் வீண் என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள்.

ஆனால் அதற்குக் கொடுக்கிற விலை லேசானதில்லை. எலும்பை வெட்டி, நகர்த்தி, ஸ்க்ரூ போட்டு நிறுத்துகிறார்கள். செவ்ரான், ஸ்கார்ஃப் என்று முறைகள் பல. கோணல் அதிகமாகவோ நடுப்பாத மூட்டு தளர்வாகவோ இருந்தால் அந்த மூட்டையே இணைத்துவிடுகிற லேப்பிடஸ் முறை, சின்னத் துளை வழியாகச் செய்கிற முறையும் இருக்கிறது. இதில் எது நல்லது என்று தேடித் தேடி மண்டையைக் குழப்பிக்கொள்வதைவிட, உங்கள் மருத்துவர் எதை அடிக்கடி செய்கிறார் என்று கேட்பது மேல். பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் ஆறு வாரம் போல தனி ஷூவோடுதான் நடமாட்டம், முதல் இரண்டு வாரம் காலை உயர்த்தி வைத்துப் படுத்திருப்பதே முக்கிய வேலை. வண்டி ஓட்டவும் பல வாரம் ஆகும். இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். பலரைச் சோர்வடைய வைப்பது அதற்குப் பிறகு வருகிற வீக்கம்தான்: காலையில் ஷூவுக்குள் போன கால் சாயங்காலம் அதில் அடங்காது, இப்படி ஆறு மாதம், சிலருக்கு ஒரு வருடம்கூட நீளும். விரல் விறைத்துப்போவது, ஓரம் மரத்துப்போவது, பாரம் பக்கத்து விரல்களின் அடிக்கு மாறி அங்கே வலிப்பது, கோணல் திரும்ப வருவது, இவை எல்லாமே நடக்கக்கூடியவை. பழையபடி குறுகலான ஷூவுக்கே போகலாம் என்று நினைத்துச் செய்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

என் கருத்து இது: அழகுக்காக வேண்டாம், பின்னால் மோசமாகிவிடுமோ என்ற பயத்துக்காகவும் வேண்டாம். அகலமான ஷூவுக்கு மாறிப் பல மாதமாகியும் நடை குறைகிறது, வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, இரண்டாவது விரல் பெருவிரலின் மேல் ஏறத் தொடங்கிவிட்டது, அதன் அடியில் காய்ப்பு விழுந்து வலிக்கிறது என்றால் மேலும் தள்ளிப்போடுவதில் லாபமில்லை, விரல்கள் ஒவ்வொன்றாகக் கெடக் கெட ஆபரேஷனும் பெரிதாகும். வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு எலும்பு வளர்ச்சி முடியும்வரை பொதுவாகக் காத்திருப்பார்கள். சர்க்கரை நோயோ கால் ரத்த ஓட்டக் குறைவோ இருப்பவர்கள் அதை முதலில் சரிபார்க்க வேண்டும், புகை பிடிப்பவர்கள் நிறுத்தியே ஆக வேண்டும், எலும்பு கூடுவதை அது கெடுக்கும்.

மருத்துவரிடம் போகும்போது தினமும் போடுகிற ஷூவைக் கையோடு கொண்டுபோங்கள். எக்ஸ்ரேயை நிற்கவைத்து எடுக்கச் சொல்லுங்கள், படுத்த நிலையில் எடுத்தால் கோணல் குறைவாகத் தெரியும். இரண்டு காலிலும் இருந்தால் எதை முதலில் செய்வது, எவ்வளவு இடைவெளி, அந்த ஆறு வாரம் மாடிப்படியும் குளியலறையும் எப்படி, இதற்கெல்லாம் பதில் கிடைத்த பிறகு தேதி வாங்குங்கள்.