அடி கனமான 20 லிட்டர் எவர்சில்வர் பாத்திரம்: வொர்ட் காய்ச்ச எப்படி இருக்கு?

குன்னூர் மார்க்கெட்ல ஒரு பாத்திரக்கடைல வாங்கினது. அதே அளவு மெல்லிசு பாத்திரத்தைவிட விலை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டின பார்லியோட இனிப்புச் சாறை சுண்ட வச்ச பாகு) வச்சு முதல்முறையா வொர்ட் (பீருக்கு ஈஸ்ட் போடறதுக்கு முன்னாடி இருக்கற இனிப்பு மால்ட் தண்ணி) காய்ச்சப் போறவங்க இதைத்தான் வாங்கணும்னு அடிச்சு சொல்வேன்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். தமிழ்நாட்டுல லைசன்ஸ் இல்லாம வீட்ல பீர் போடறது குற்றம், அதனால நான் ஈஸ்ட் போடற கட்டத்துக்கே போறதில்ல, காய்ச்சின வொர்ட்டை ஆறவச்சு ஃப்ரிட்ஜ்ல வச்சு சோடா கலந்து குடிக்கறோம், கரீபியன் பக்கம் மால்டான்னு பாட்டில்ல விக்கறதும் இந்த வகைதான். காய்ச்சற வேலை மட்டும் பீருக்கும் இதுக்கும் ஒண்ணுதான்.

இப்ப பாத்திரத்துக்கு வரேன். எக்ஸ்ட்ராக்ட் வெல்லப்பாகு மாதிரி கனமா இருக்கும், ஊத்தின உடனே நேரா அடிக்கு போய் உக்காந்துக்கும், கீழ அடுப்பு எரிஞ்சா அங்கயே கருகி அந்த வாசனை மொத்த வொர்ட்லயும் ஏறிடும், அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. அதனால அடுப்பை அணைச்சிட்டு ஊத்தி, கரண்டிக்கு அடில பாகு தட்டாம வழுக்கற வரைக்கும் நல்லா கிண்டிட்டுதான் மறுபடி பத்த வைக்கணும். இந்த பாத்திரத்துல அடி கனமா இருக்கறதால சூடு ஒரே இடத்துல குத்தாம பரவுது, இதுவரைக்கும் அடி பிடிக்கவே இல்ல.

10 லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை கிலோ எக்ஸ்ட்ராக்ட் போடறேன், அதுக்கு எதுக்கு 20 லிட்டர்னு கேப்பீங்க. கொதி வரும்போது பாருங்க, பழுப்பு நுரை சத்தமே இல்லாம எழும்பி ஒரு செகண்ட்ல விளிம்புக்கு வந்துடும், ஹாப்ஸ் (பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற ஒரு கொடியோட பூ) போட்டா இன்னொரு தடவை பொங்கும். மூடி போடவே கூடாது, பக்கத்துலயே நிக்கணும். கொஞ்ச நேரத்துல புரதம் திரிஞ்சு துணுக்கு துணுக்கா சுத்தும், நுரை தானா அடங்கிடும், அதுக்கப்புறம் நிம்மதி.

நம்ம மலைக்குன்னு ஒரு விஷயம் இருக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், இங்க தண்ணி 92, 93 டிகிரிலயே கொதிச்சிடும், குக்கர் இல்லாம பருப்பு வேகாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ஹாப்ஸும் அப்படித்தான், அதுல உள்ள ஆல்ஃபா அமிலம் சூட்டுல மாறினாதான் கசப்பு இறங்கும், சூடு கம்மின்னா மெதுவாத்தான் மாறும். ரெசிபில 60 நிமிஷம்னு இருந்தா நான் 75, 80 வரைக்கும் விடறேன். அதுக்காக குக்கர்ல போட்டுடாதீங்க, நுரை போய் வெயிட் ஓட்டையை அடைச்சா ஆபத்து. இன்னொண்ணு, எக்ஸ்ட்ராக்ட்ல பாதியை கடைசி 15 நிமிஷத்துல சேர்த்தா நிறம் கருக்காம இருக்கும், அப்பவும் அடுப்பை அணைச்சிட்டுதான்.

ஆறவைக்கறதுல மட்டும் நமக்கு யோகம், டிசம்பர் ஜனவரில குழாய்த் தண்ணியே ஐஸா வருது, அண்டால நிரப்பி பாத்திரத்தை உள்ள இறக்கி தண்ணியை மாத்திட்டே இருந்தா சீக்கிரமே சூடு இறங்கிடுது.

குறைன்னா கைப்பிடி. பயங்கரமா சுடுது, துணி இல்லாம தொட முடியல. ரிவெட் உள்பக்கம் துருத்திட்டு இருக்கு, அதுல பிசுபிசுப்பு ஒட்டிக்குது, வெந்நீர்ல ஊறவச்சு பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சா போயிடும். லிட்டர் கோடும் கிடையாது, நானே மரக்கரண்டில அளந்து கோடு போட்டு வச்சிருக்கேன். வீட்டு கேஸ் அடுப்புல பெரிய பர்னர்ல நல்லா உக்காருது, ஆனா நிறைஞ்ச பாத்திரத்தை இறக்க ரெண்டு பேர் வேணும்.