பாடத் தெரிவுக்குக் கூகுள் ஃபோர்ம்: தோட்டப் பாடசாலைக்குச் சரிவருமா?

கூகுள் ஃபோர்ம், அதாவது போனிலேயே நிரப்பும் இணையப் படிவம், எண்ணுவதற்கு நல்ல சாமான். பிள்ளைகளின் மனதிலிருப்பதை அறிவதற்குச் சுமார்தான். காசில்லை, தமிழில் தட்டலாம், யார் யார் எதைக் கேட்டார்கள் என்ற கணக்கு தானாகவே வந்துவிடும்.

பாடத்திட்டம் எழுதுவது மஹரகமையிலுள்ள தேசிய கல்வி நிறுவகம். சாதாரண தரத்தில் பிள்ளைகள் தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவு செய்யும் பாடங்களின் 3 தொகுதிகளிலும் எந்தெந்தப் பாடத்தை நடத்துவது என்பதில்தான் பாடசாலைக்குக் கொஞ்சம் இடமுண்டு. அதுவும் ஆசிரியர் இருந்தால். ஆளில்லாத பாடத்தைத் தெரிவுப் பட்டியலில் போட்டுவிட்டுப் பிறகு கைவிரித்தால், அடுத்த வருடம் ஒரு பிள்ளையும் அக்கறையாக நிரப்பாது. “இங்கு இல்லாத பாடங்களில் எது வேண்டும்?” என்று தனிக் கேள்வியாகக் கேளுங்கள். வலயக் கல்விப் பணிமனையில் ஆசிரியரைத் தரும்படி கேட்கும்போது அதிபர் கையில் அந்த எண்ணிக்கை இருக்கும்.

தொகுதிகளைக் கட்டம் கட்டமாக ஒரே அட்டவணையில் போட வேண்டாம். சின்னப் போனில் வலப்பக்கக் கட்டங்கள் திரைக்கு வெளியே போய்விடும். சித்திரமும் சங்கீதமும் தெரியும், நாடகமும் அரங்கியலும் தெரியாது. தொகுதிக்கு இரண்டு கேள்விகள், முதல் விருப்பத்துக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று: மொத்தம் 6 கேள்விகள், எல்லாவற்றுக்கும் பதில் கட்டாயம்.

“ஒருவருக்கு ஒரு பதில்” என்பதைப் போட்டால் கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும். அப்பாவின் ஒரே போனில் அக்கா நிரப்பிவிட்டால் தம்பிக்கு வழி அடைபடும். அதை நிறுத்திவிட்டு, பிள்ளையின் பாடசாலைச் சேர்வு இலக்கத்தைக் கேட்டு இரட்டைப் பதிவுகளைப் பிறகு நீக்குவது லேசு.

கருத்துக்கு வேறு ஃபோர்ம். பெயர், இலக்கம், மின்னஞ்சல் எதுவும் வேண்டாம். 20 பேர் உள்ள வகுப்பில் ஆணா பெண்ணா, என்ன சமயம், தோட்டத்தின் எந்த டிவிஷன் என்று மூன்றையும் கேட்டால் ஆள் யாரென்று டீச்சருக்குத் தெரிந்துவிடும். “பாடங்கள் பற்றி உங்கள் கருத்து?” என்றால் “நல்லது” என்றுதான் வரும். “போன தவணையில் விளங்காத அலகு எது?” என்றால் பதிலில் விஷயம் இருக்கும்.

பெரிய குறை, இணையம் இல்லாமல் அனுப்ப முடியாது. லயக் குடியிருப்பில் சிக்னல் இல்லாத பிள்ளைகளுக்கு அதே கேள்விகளைத் தாளில் அடித்துக் கொடுத்து, ஓர் ஆசிரியர் பதில்களை ஃபோர்மில் பதிய வேண்டும். 40 தாளுக்கு ஒரு மணித்தியாலம் போதும்.

பதில்களை சி.எஸ்.வி. கோப்பாக இறக்கி எக்செலில் நேரே திறந்தால் தமிழ் எழுத்துகள் குழம்பலாம். கூகுள் ஷீட்டில் இணைத்து, அங்கிருந்து எக்செல் கோப்பாக இறக்குங்கள்.