கல்லா ஒன்று சொல்லும், கணக்கு ஒன்று சொல்லும்: மெடிக்கல் ஸ்பாவுக்கு ஜெனோட்டி எப்படி?

கிளினிக் நிர்வாக மென்பொருளான ஜெனோட்டியை வாங்கலாமா என்று கேட்கும் ஸ்கின் கிளினிக் உரிமையாளரிடம் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது: போன மாதம் வருமானம் எவ்வளவு? உடனே ஒரு தொகை சொன்னால், அது பெரும்பாலும் கல்லாவுக்கும் வங்கிக்கும் வந்த பணம். அது வருமானம் அல்ல. இந்த வித்தியாசம் பிடிபடாதவருக்கு எந்த மென்பொருளும் உதவாது. பிடிபட்டவருக்கு ஜெனோட்டி நன்றாகவே உதவும்.

ஹைதராபாத்தில் வேர் கொண்ட நிறுவனம் இது. 2010-இல் சுதீர் கொனேரு தொடங்கியபோது மேனேஜ்மைஸ்பா என்று பெயர். 2020 டிசம்பரில் நூறு கோடி டாலர் மதிப்பைத் தாண்டியது. ஸ்பா, சலூன் வேலைக்காகப் பிறந்து பிறகு மெடிக்கல் ஸ்பா (லேசர், ஊசி போன்ற அழகுச் சிகிச்சை தரும் இடம்) பக்கம் வளர்ந்தது. அப்பாயின்ட்மென்ட், பில், பேக்கேஜ், மெம்பர்ஷிப், ஸ்டாக், ஊழியர் கமிஷன் எல்லாம் ஒரே இடத்தில் இருப்பதுதான் இதன் பலம். ரிப்போர்ட்டுகளுக்கும் பஞ்சமில்லை. எதைப் பார்ப்பது, எதை நம்புவது என்பதில்தான் சிக்கல் வருகிறது.

பேக்கேஜிலிருந்து ஆரம்பிப்போம். லேசர் முடி நீக்கம் 6 செஷன் ரூ.30,000 என்று வையுங்கள். பொங்கல் ஆஃபரில் 40 பேர் வாங்கினால் ஜனவரியில் ரூ.12 லட்சம் வந்துவிடும். அந்த மாதம் ஆளுக்கொரு செஷன்தான் நடந்திருக்கும். அதாவது சம்பாதித்தது ரூ.2 லட்சம். மீதி 10 லட்சம் வாடிக்கையாளருக்கு நாம் பட்ட கடன். அடுத்த ஐந்தாறு மாதம் ஆளும் கரண்டும் மெஷினும் போட்டு அதை அடைக்க வேண்டும். மார்ச்சில் புது விற்பனை படுத்து, அறைகள் மட்டும் நிரம்பி வழியும்போது ‘கூட்டம் இருக்கு, காசு இல்லையே’ என்று புலம்புவது இதனால்தான்.

ஜெனோட்டியில் விற்பனை ரிப்போர்ட், பணம் வந்த நாளை வைக்கும் கேஷ், பணம் வந்த நாளைப் பார்க்காத அக்ரூவல் என இரண்டு வகையாகக் கிடைக்கிறது. பேக்கேஜ், கிஃப்ட் கார்டு போன்றவற்றில் பயன்படுத்தாமல் கிடக்கும் தொகையையும் தனியே எடுக்க முடியும். மாதாமாதம் இந்த மூன்று தொகைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அக்ரூவல் என்ற பெயரை நம்பி விட்டுவிடக் கூடாது. பேக்கேஜ் விற்ற நாளில் எந்தத் தொகை எந்தப் பத்தியில் விழுகிறது, செஷன் முடிந்த நாளில் எது நகர்கிறது என்பதை ஒரே ஒரு சோதனை பில் போட்டுப் பார்த்தால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இதைச் செய்யாமல் ஆடிட்டரிடம் கோப்பை அனுப்புகிறவர்கள் வருடக் கடைசியில் அழுகிறார்கள்.

‘ஐந்து வாங்கினால் ஒன்று இலவசம்’ என்ற பேக்கேஜை அமைப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. ரூ.25,000-ஐ ஐந்தாகப் பிரித்து ஆறாவதுக்குப் பூஜ்யம் போட்டால், ஆறாவது செஷன் செய்த தெரபிஸ்ட் அந்த ஒரு மணி நேரத்தில் ஒன்றுமே சம்பாதிக்காதவராக ரிப்போர்ட்டில் தெரிவார். கமிஷனும் போகும், சண்டையும் வரும். ஆறாகப் பிரித்து செஷனுக்கு ரூ.4,167 என்று போடுவதே சரி. விற்பனைக் கமிஷன் முழுவதையும் விற்ற அன்றே கொடுப்பதும் அதே ரகத் தவறு. ரூ.12 லட்சத்துக்கு 5 சதவீதம் என்றால் ரூ.60,000 ஜனவரியிலேயே போய்விடும். ஏப்ரலில் யாராவது மீதியைத் திருப்பிக் கேட்டால் கமிஷனை யாரிடம் திருப்பி வாங்குவது? விற்றவருக்கு ஒரு பங்கு, செஷன் செய்தவருக்கு அன்றன்று ஒரு பங்கு என்று பிரித்துவிடுவது நல்லது.

ஜிஎஸ்டியையும் இந்த இடத்திலேயே முடித்துவிடலாம். மருத்துவச் சேவைக்கு விலக்கு உண்டு. அழகுக்காகச் செய்யும் காஸ்மெட்டிக் சர்ஜரிக்கும் முடி நடுவதற்கும் அந்த விலக்கு கிடையாது. ஒரே கிளினிக்கில் இரண்டு வகை பில்லும் வரும். ஒவ்வொரு சேவைக்கும் வரியைச் சரியாகப் பொருத்திவிட்டு, எந்த ஒப்பீட்டையும் வரி நீக்கிய தொகையில் மட்டும் செய்யுங்கள்.

அடுத்தது குப்பி. இங்கேதான் லாபம் சத்தமில்லாமல் ஒழுகும்.

முகச் சுருக்கத்துக்குப் போடும் ஊசி மருந்தான போடாக்ஸ் 100 யூனிட் குப்பி ரூ.20,000 என்று வைத்துக்கொள்வோம். தாளில் யூனிட் ரூ.200. ஒரு நாளில் மூன்று பேர்: ஒருவருக்குப் புருவ நடுவில் 20, ஒருவருக்குக் கண்ணோரம் 24, ஒருவருக்கு நெற்றியும் புருவ நடுவும் சேர்த்து 40. மூன்றும் மருந்தின் லேபிளில் உள்ள அளவுகள்தான். மொத்தம் 84. கரைத்த குப்பியை 2 முதல் 8 டிகிரியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்தச் சொல்கிறது லேபிள். மறுநாள் யாரும் வராவிட்டால் 16 யூனிட் குப்பைக்கு. அன்றைய உண்மையான அடக்கம் யூனிட்டுக்கு ரூ.238. விலைப்பட்டியலை 200-ஐ வைத்துப் போட்டிருந்தால் யூனிட்டுக்கு 38 ரூபாய் கையிலிருந்து போகிறது. போடாக்ஸ் ஆட்களை வாரத்தில் இரண்டே நாளில் குவித்து அப்பாயின்ட்மென்ட் கொடுப்பது, ஆள் குறைவான நாளுக்கு 50 யூனிட் குப்பி எடுப்பது ஆகியவைதான் மருந்து. லேபிள் கெடுவைத் தாண்டி வைத்திருந்து அதைச் ‘சேமிப்பு’ என்று ரிப்போர்ட்டில் காட்டுவது வேறு வகை வியாதி.

ஒரு சேவை முடிந்தால் இவ்வளவு பொருள் குறையட்டும் என்று ஜெனோட்டியில் முன்கூட்டியே பொருத்தலாம். ஃபேஷியலுக்கு அது அருமை. ஊசிக்கு ஆபத்து. 20 என்று பொருத்தியிருக்க, டாக்டர் 26 போட்டால் ஸ்டாக்கில் 6 யூனிட் ‘இருக்கும்’, ஃபிரிட்ஜில் இருக்காது. ஆகவே பில் மூடும் முன் போட்ட யூனிட்டை டாக்டரோ நர்ஸோ கையால் பதிய வேண்டும், குப்பியின் லாட் (தயாரிப்புத் தொகுதி) எண்ணோடு. இரண்டு வாரத்தில் குறையைச் சரிசெய்ய வரும் டச்-அப்புக்கும் அதே விதி. பணம் வாங்காததால் பதியாமல் விடும் யூனிட்டுகள்தான் மாதக் கடைசியில் ‘காணாமல்’ போனவை.

இன்னொன்று: போடாக்ஸையும் அதே வகை ஊசி மருந்தான டிஸ்போர்ட்டையும் ‘டாக்ஸின்’ என்று ஒரே பொருளாகப் பதிவது. புருவ நடுவுக்கு முன்னதில் 20, பின்னதில் 50 யூனிட். இரண்டும் ஒரே யூனிட் அல்ல. சேர்த்தால் சராசரி விலை, ஆளுக்கு எத்தனை யூனிட், எல்லாமே அர்த்தமில்லாத எண்களாகிவிடும்.

சனிக்கிழமை கடை மூடியதும் எண்ணிப் பார்க்கும் பழக்கத்துக்கு எந்த மென்பொருளும் மாற்றில்லை. தொடக்க இருப்பு, அதோடு வந்தது, அதில் கையிருப்பைக் கழித்தால் செலவானது. அதை கேஸ் ஷீட்டில் (நோயாளிக் குறிப்பில்) எழுதிய யூனிட்டோடும் வீணானதோடும் ஒப்பிட வேண்டும். 5 சதவீதத்துக்கு மேல் இடித்தால் அன்றே கேளுங்கள். மாதம் கழித்துக் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது. லேசருக்கு இதே வேலையை ஹேண்ட்பீஸில் (கையில் பிடிக்கும் பகுதியில்) உள்ள, லேசர் துடிப்புகளை எண்ணும் ஷாட் கவுண்டர் செய்யும். காலையும் மாலையும் எண்ணைக் குறித்து, அன்றைய செஷன்களோடு பொருத்திப் பார்த்தால் பில் போடாமல் நடந்த செஷன் வெளியே வந்துவிடும்.

நேரக் கணக்குக்கு வருவோம். ஊழியர் எத்தனை சதவீதம் வேலையாக இருந்தார் என்ற ரிப்போர்ட் எல்லோருக்கும் பிடிக்கும். ஆனால் மெடிக்கல் ஸ்பாவில் நெருக்கடி பெரும்பாலும் ஆளில் இல்லை, அறையில் இருக்கிறது. ஆர்எஃப் மைக்ரோநீட்லிங் (நுண்ணூசியும் ரேடியோ அலை வெப்பமும் சேர்ந்த தோல் சிகிச்சை) ரூ.10,000, மரத்துப்போகும் கிரீம் பூசி 45 நிமிடம், சிகிச்சை 45 நிமிடம். இரண்டும் ஒரே அறையில் நடந்தால் அறையின் மணி வருமானம் ரூ.6,667. கிரீம் பூசியவரை வேறு நாற்காலியில் உட்கார வைத்தால் அதே அறைக்கு ரூ.13,333. புது அறை கட்ட வேண்டாம், விளம்பரம் வேண்டாம். ஜெனோட்டியில் அறையையும் கருவியையும் அப்பாயின்ட்மென்ட்டோடு இணைக்க முடியும். கிரீம் நேரத்தைத் தனிச் சேவையாகப் பிரித்து அமைத்தால்தான் இந்த வித்தியாசம் ரிப்போர்ட்டில் தெரியும். டச்-அப், இலவச ஆலோசனை இரண்டையும் பூஜ்ய விலைச் சேவையாகப் பதியுங்கள். விலை இல்லை என்றாலும் 15 நிமிடம் போகிறதே.

திரும்பி வருபவர் விகிதம், அதிகம் பேசப்பட்டு அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படும் எண். எல்லாச் சேவைக்கும் 90 நாள் என்று ஒரே கெடு வைத்தால் போடாக்ஸ் ஆட்கள் பாதிப் பேர் ‘போய்விட்டவர்’ பட்டியலில் விழுவார்கள். மூன்று மாதத்துக்குள் மறுபடி போடக் கூடாது என்பதே லேபிள்; பலன் மூன்று நான்கு மாதம் நிற்கும். அவர்கள் வரும் காலத்துக்கு முன்பே ‘உங்களைக் காணோமே, 20 சதவீதம் தள்ளுபடி’ என்று வாட்ஸப் அனுப்புவது, முழு விலைக்கு வர இருந்தவருக்குத் தள்ளுபடி பழக்கிவிடுவது. போடாக்ஸுக்கு 150 நாள், லேசருக்குப் பேக்கேஜ் இடைவெளியோடு இரண்டு வாரம், மாதாந்திர ஃபேஷியலுக்கு 45 நாள் என்று தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள்.

இந்த எண்ணைக் கெடுக்கும் சில்லறைக் காரணங்களும் உண்டு. அம்மா, மகள், மருமகள் மூவரும் ஒரே செல் நம்பரில் பதிவது. சில நேரம் நம்பர் கேட்க நேரமில்லாமல் ரிசப்ஷனில் புதுப் பெயர் போட்டுவிடுவது. பழைய ஆள் புது ஆளாகிவிடுவார். வராதவரை ‘வரவில்லை’ என்று குறிக்காமல் அப்பாயின்ட்மென்ட்டையே அழித்துவிடுவது. ரிப்போர்ட் பளிச்சென்று இருக்கும். அழிக்கும் அனுமதியை மேனேஜரோடு நிறுத்துங்கள். எங்கே கேள்விப்பட்டீர்கள் என்ற கட்டத்தில் பட்டியலின் முதல் பெயர்தான் எப்போதும் ஜெயிக்கும். அங்கே இன்ஸ்டாகிராம் இருந்தால் மொத்த விளம்பரப் பணமும் அங்கேயே போகும்.

ஒரு குறை, ஜெனோட்டி மேல் மட்டுமல்ல, இந்த வகை மென்பொருள் எல்லாவற்றின் மேலும் சொல்ல வேண்டியது. சலூனில் பிறந்த ரிப்போர்ட்டுகள் விற்பனையை அளக்கும் அளவுக்குச் சிகிச்சையை அளப்பதில்லை. நம் ஊர்த் தோலில் லேசருக்குப் பிறகு கருமை படிவது அபூர்வமல்ல. தீக்காயம், கருமை, ஃபில்லருக்கு (முகத்தில் பள்ளம் நிரப்பும் ஊசிக்கு) பிறகு வீக்கம், திருப்தியில்லாமல் மறுபடி செய்தது என ஒவ்வொன்றுக்கும் பூஜ்ய விலையில் ஒரு சேவைப் பெயர் உண்டாக்கி, எந்த மெஷின், யார் செய்தார் என்று சேர்த்துப் பதிந்தால் இதே ரிப்போர்ட்டை அதற்கும் பயன்படுத்தலாம். அதிகம் விற்கும் தெரபிஸ்ட்டே அதிகம் மறுசெஷன் செய்ய வைப்பவரா என்பது அப்போதுதான் தெரியும். ஃபில்லர் போடும் இடத்தில், அதைக் கரைக்கும் மருந்தான ஹயலுரோனிடேஸின் காலாவதித் தேதியையும் ஸ்டாக் எச்சரிக்கையில் சேருங்கள். அது விற்கும் பொருள் அல்ல என்பதால் யாரும் பார்ப்பதில்லை. தேவைப்படும் அன்று தேட நேரமிருக்காது.

ஒரு டாக்டர், இரண்டு அறை என்றால் ஜெனோட்டி பெரிய வண்டி. தேதி, பெயர், சேவை, வாங்கிய பணம், நடந்த செஷன் மதிப்பு, போட்ட யூனிட், அறை நிமிடம், அடுத்த தேதி என எட்டுப் பத்தி கொண்ட எக்செல் தாளே போதும். மூன்று கிளை ஆனதும் அந்தத் தாள் உடையும். ஒரு கிளையில் வாங்கிய பேக்கேஜை இன்னொன்றில் பயன்படுத்தும் நாள்தான் முதல் விரிசல். அங்கே இந்த மென்பொருள் கொடுத்த காசுக்கு வேலை செய்யும். எந்தக் கிளை விற்றது, எந்தக் கிளை உழைத்தது என்று பிரிப்பதற்கு மட்டுமே வாங்கலாம்.

டெமோவுக்குப் போகும்போது அவர்கள் காட்டும் மாதிரிக் கிளினிக்கைப் பார்த்துவிட்டு வராதீர்கள். உங்கள் சொந்த பில் மூன்றைக் கொண்டுபோங்கள்: பாதி பயன்படுத்தித் திருப்பித் தந்த பேக்கேஜ் ஒன்று, பாதி கார்டு பாதி ரொக்கம் கொடுத்த பில் ஒன்று, டாக்டர் கூடுதல் யூனிட் போட்ட போடாக்ஸ் ஒன்று. மூன்றையும் கண்ணெதிரே பதிந்து ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, விலகும் நாளில் வாடிக்கையாளர் பட்டியலும் மீதமுள்ள பேக்கேஜ் கணக்கும் எந்த வடிவத்தில் திரும்பக் கிடைக்கும் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.