கடலியல் களப்படிப்புக்கு எந்தத் தீவு: ஹெரான், சான் கிறிஸ்டோபல், ஸ்வால்பார்டு

தொலைதூரத் தீவொன்றில் கடலியல் படிக்க விரும்பும் மாணவர், அங்கே எத்தனை நாள் தம் கையாலேயே அளவெடுக்க முடியும் என்பதைத்தான் முதலில் கணக்கிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆஸ்திரேலியாவின் கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், பவளத்திட்டின் மேலேயே அமைந்திருக்கிறது ஹெரான் தீவு. அங்குள்ள குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு நிலையத்திலிருந்து நடந்தே கடலுக்குள் இறங்கிவிடலாம். நீர் வற்றும் நேரத்தில், உயிருள்ள பவளத்தை மிதித்துவிடாமல் மணல் பார்த்துக் கால் வைத்து, சதுரச் சட்டத்தைத் தரையில் பதித்து, அதற்குள் தென்படும் கடல் அட்டைகளையும் சிப்பிகளையும் எண்ணி எழுதும் மாணவர், எண்ணிக்கையில் ஐயம் எழுந்தால் மறுநாளே அதே இடத்துக்குத் திரும்பிச் சென்று சரிபார்க்கலாம். களப்பணிக்குப் புதியவருக்கு இந்த வசதி பெரும் வரம். ஆனால் வகுப்புகள் பெரும்பாலும் சில நாட்களே அங்கு தங்குவதால், பருவ மாற்றத்தைக் காண வாய்ப்பில்லை.

அந்தக் குறையை ஈக்வடார் நாட்டின் கலாபகோஸ் தீவுக்கூட்டத்திலுள்ள சான் கிறிஸ்டோபல் தீர்க்கிறது. அந்நாட்டுத் தலைநகரான கீட்டோவின் சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அத்தீவில் கடற்கரையோரமாகவே ஒரு வளாகம் உண்டு. ஒரு கல்விப் பருவம் முழுவதும் தங்கிப் படிக்கலாம். நிலநடுக்கோட்டிலேயே குளிர்நீர் மேலெழும் கடல் அது. எனினும் மாதிரி சேகரிக்கத் தேசியப் பூங்காவின் அனுமதி வேண்டும் என்பதால், பார்த்து எண்ணும் வகை ஆய்வுகளே மாணவருக்குப் பொருந்தும்.

நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டின் லாங்யியர்பியன் ஊரில், 78 பாகை வடக்கில், 1993 முதல் ஒரு பல்கலைக்கழக மையம் இயங்குகிறது. பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஆனால் பனிக்கரடி அச்சத்தால் துப்பாக்கிப் பயிற்சி அடங்கிய பாதுகாப்பு வகுப்பை முடித்த பிறகே களம் இறங்க முடியும். வானிலை கெட்டால் படகு கிளம்பாது. தீவுக்கு விசா தேவையில்லை என்றாலும், நார்வே பெருநிலம் வழியாகவே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா தேவைப்படும் நாட்டினர் இருமுறை நுழைவு விசா பெற வேண்டும். இத்தனை தடைகளுக்கு ஈடாக ஓர் அரிய பாடம் அங்கே கிடைக்கிறது: சூரியனே எழாத துருவ இரவிலும் நீரில் மிதந்து வாழும் சிறு விலங்குகளான விலங்கு மிதவையுயிரிகள் மேலும் கீழுமாக நீந்துவதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள்.

இளநிலை மாணவருக்கு நான் ஹெரானையே சொல்வேன். ஆய்வுக் கேள்வியைக் கையில் வைத்திருக்கும் முதுநிலை மாணவர் ஸ்வால்பார்டுக்கு விண்ணப்பிக்கட்டும்.