அம்மாபேட்டை பிட்டுத் துணிக் கடை: மூன்று வருஷமாக எடை போட்டு வாங்குகிறவள் சொல்வது

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. சேலம் அம்மாபேட்டையில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பி, தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில், பாதி இறங்கிய ஷட்டருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து மூட்டை, ஒரு எலெக்ட்ரானிக் தராசு, ஒரே ஒரு டியூப் லைட், ஒரு அக்கா. அவ்வளவுதான் கடை. மேப்பில் தேடினால் பக்கத்து மாவு மில்தான் வரும். கூட வரைகிற தோழிகள் "துணி எங்கே வாங்குகிறாய்" என்று மாசத்துக்கு ஒருத்தியாவது கேட்பதால், ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள். மிச்ச நேரத்தில் கில்ட் தைக்கிறேன். நம் பாட்டிமார் கிழிந்த புடவைகளை அடுக்கி, மேலே கட்டம் கட்டமாக ஓடுதையல் போட்டு ஒரு போர்வை வைத்திருப்பார்களே, கிட்டத்தட்ட அதேதான். மேல் துணியை மட்டும் துண்டு துண்டாக வெட்டி இணைத்துப் படம் மாதிரி அமைத்தால் அதற்குப் பெயர் கில்ட், விலையும் கூடிவிடும். அதிலும் மிஞ்சுகிற துணுக்குகளில் கலர் பென்சில் சுருட்டிவைக்கும் பை, ஊசி குத்திவைக்கும் குட்டித் தலையணை, நவராத்திரி வந்தால் துணிப் பொம்மை. மூன்று வேலை, ஒரே மேசை. மிச்ச நேரம் என்று சொன்னேன் இல்லையா, அது பொய். சில மாதங்களில் படம்தான் மிச்ச நேரத்தில் நடக்கிறது.

சரி, கடைக்கு வருகிறேன். கலந்த மூட்டை கிலோ 90 ரூபாய். அக்கா கையாலேயே பருத்தி என்று பிரித்துவைத்த மூட்டை கிலோ 140. நைட்டி, பாவாடை தைக்கிற யூனிட்களின் வெட்டுமிச்சம், தையல் கடைகளின் பிளவுஸ் துணி, தறியிலிருந்து வரும் சாம்பிள் துண்டு, திருப்பூர்ப் பக்கத்து பனியன் வேஸ்ட், இளம்பிள்ளைச் சேலையின் முனைகள், எல்லாம் கலந்து கிடக்கும். பனியன் துணி இழுத்தால் நீளும், போர்வைக்கு ஆகாது. நான் அதைப் பிரஷ் துடைக்கவும் ஊசித் தலையணைக்குள் திணிக்கவும் வைத்துக்கொள்கிறேன். இளம்பிள்ளைத் துண்டுகள் கண்ணைப் பறிக்கும், ஆனால் நம் கைக்கு வருவதில் பெரும்பாதி பாலியஸ்டர். இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் சூடானால் சுருண்டுவிடும்.

பருத்தி மூட்டையிலும் கலப்பு இருக்கும் என்பதுதான் என் முதல் புகார். பத்துத் துண்டில் இரண்டு நிச்சயம் ஏமாற்றும். அதனால் பையில் தீப்பெட்டி வைத்திருக்கிறேன். ஓரத்தில் நாலு நூல் உருவி, கடைக்கு வெளியே வந்து (மூட்டைக்குப் பக்கத்தில் கொளுத்திவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்) பற்றவைத்தால் தெரிந்துவிடும்: பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகிற சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருங்கி, ஆறினபின் கடினமான மணியாக நிற்கும். அக்காவுக்கு இது பிடிக்காது. "ஏன் கண்ணு, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்பார். நம்பிக்கை எல்லாம் இருக்கிறது அக்கா, மூட்டை மேல்தான் இல்லை.

இரண்டாவது, வெளிச்சம். அந்த டியூப் லைட்டின் கீழே கருநீலமும் கறுப்பும் ஒன்றுதான். பட்டுக் கடையில் புடவையை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பார்களே, அந்தப் புத்தி இங்கேயும் வேண்டும். மூன்றாவது, எடை. மூட்டையாக வாங்கினால் கோணியோடு சேர்த்துத்தான் தராசில் ஏறும், கேட்டால் மட்டும் ஒரு கைப்பிடி துணி சேர்த்துப் போடுவார். கேளுங்கள். பில் கிடையாது, ஜிபே உண்டு.

எடைக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாகத் தைக்க வருகிற எல்லாரும் முதல் நாளே ஐந்து கிலோ வாங்கிவிடுகிறார்கள், நானும் அதைத்தான் செய்தேன். ஒற்றைக் கட்டில் போர்வை 60 அங்குலத்துக்கு 90. தைத்தபின் 5 அங்குலமாக நிற்கும் சதுரங்கள் என்றால் 12க்கு 18, ஆக 216 துண்டு. நான்கு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட்டால் ஒவ்வொன்றும் ஐந்தரை அங்குலம். கூட்டிப் பார்த்தால் நாலே கால் சதுர மீட்டர் துணி. பாப்ளின் மாதிரியான துணி ஒரு சதுர மீட்டர் ஏறக்குறைய 120 கிராம் இருக்கும், அப்படியென்றால் முழு மேல் பக்கமும் அரை கிலோதான்! ஆனால் அக்குள் வளைவு, கழுத்து வளைவு வெட்டின பிட்டில் ஐந்தரை அங்குலச் சதுரம் எளிதில் விழாது, கிலோவுக்கு முந்நூறு கிராம் தேறினால் பெரிசு. ஆகவே இரண்டு கிலோ போதும். அடிப்பக்கத்துக்குக் காடா துணி தனியாக, நடு அடுக்குக்கு நான் பழைய வேட்டி வைக்கிறேன். சேலத்து வெயிலுக்கு அதுவே ஜாஸ்தி. (காகிதத்துக்கும் துணிக்கும் ஒரே ஜிஎஸ்எம் கணக்குதான், அதாவது ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பதுதான், என்பது எனக்கு இந்தக் கடையில்தான் உறைத்தது. வாட்டர் கலருக்கு நான் வாங்குவது 300 ஜிஎஸ்எம் காகிதம், பாப்ளினைவிட இரண்டரை மடங்கு கனம்.)

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் போகிறாய் என்றால், அந்தக் கடையில் எனக்கு வேண்டியது கிடைக்காது, அதற்காகத்தான்.

புரியும்படி சொல்கிறேன். நான் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டும்போது திரையில் 1,67,77,216 நிறம் இருக்கிறது. ஒரு வானத்துக்கு நீலம் தேடி ஒரு முழு மதியத்தைத் தொலைத்திருக்கிறேன், கடைசியில் அச்சில் அது மங்கிப்போய் வேறு நீலமாக வந்தது. மூட்டையில் அப்படி இல்லை. இன்றைக்கு வாடாமல்லி இருக்கிறது, பாக்கு நிறம் இருக்கிறது, கிளிப்பச்சை ஒரு கை இருக்கிறது, நீலமே இல்லை. நீலம் இல்லாமல் இரவைக் காட்டு பார்க்கலாம் என்று மூட்டை கேட்கிறது. போன வருஷம் முடித்த ஒரு புத்தகத்தில் இரவுப் பக்கங்கள் எல்லாம் கத்தரிப்பூ நிறத்திலும் பாக்கு நிறத்திலும் இருப்பதற்கு இதுதான் காரணம். எடிட்டர் "ரொம்ப யோசித்திருக்கிறீர்கள்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன்.

அக்காவின் நிறப் பெயர்கள் தனி அகராதி. வெங்காயச் சருகு, மயில் கழுத்து, ராமர் பச்சை, எம்.எஸ். நீலம். நான் இவற்றை அப்படியே என் ஸ்கெட்ச் புத்தகத்தில் எழுதிவைக்கிறேன். புத்தக வடிவமைப்பாளர் ஒரு நிறத்துக்கு அச்சின் நான்கு மையும் எத்தனை சதவீதம் என்று கேட்கும்போதுதான் விழிப்பேன்.

அங்கே கிடைத்ததிலேயே எனக்கு மிகப் பெரிய சொத்து ஒரு சாம்பிள் துண்டு. ஒன்றரை முழம் இருக்கும். யாரோ ஒரு நெசவாளர் ஊடைக்கு, அதாவது குறுக்கே ஓடுகிற நூலுக்கு, எந்த நிறம் சரிவரும் என்று பார்ப்பதற்காக நெய்தது. நீளவாக்கில் ஓடுகிற பாவு முழுக்க ஒரே சிவப்பு. ஊடை மட்டும் மூன்று விரற்கடைக்கு ஒரு தடவை மாறுகிறது: மஞ்சள், நீலம், பச்சை, கறுப்பு, வெள்ளை. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் ஆரஞ்சு, கத்தரிப்பூ, ஒரு மாதிரி மண் நிறம், அரக்கு, ரோஸ் என்று ஐந்து பட்டை. மூக்குக்குக் கிட்டே கொண்டுவந்தால் அந்த ஐந்துமே இல்லை, சிவப்பு நூலும் இன்னொரு நூலும் மேலும் கீழுமாகப் போய் வருகின்றன, அவ்வளவுதான். மண் நிறப் பட்டையை மடக்கி வெயிலில் சாய்த்தால் ஒரு பக்கம் பச்சை மினுக்குகிறது, மறுபக்கம் சிவப்பு. அச்சிலும் இதேதான் நடக்கிறது, லென்ஸ் வைத்துப் பார்த்தால் நான்கு மையின் புள்ளிகள்தான். பதினைந்து வருஷமாகத் தெரிந்த விஷயம், ஆனால் கையில் பிடித்துப் பார்த்தது இதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து நிழலுக்குக் கறுப்பைத் தொடுவதில்லை. ஒரு சந்தைப் பக்கத்தில் நிழல் எல்லாம் செத்துக் கிடந்தது, சிவப்புப் பென்சிலை மேலிருந்து கீழாகவும் நீலப் பென்சிலை இடமிருந்து வலமாகவும் ஓட்டினேன், எழுந்துவிட்டது. அந்தத் துண்டை இன்னும் வெட்டவில்லை. அதன் விலை என்ன, பதினைந்து ரூபாய் இருக்குமா?

இப்போது பெரிய புகார். சாயம்.

ஏற்காட்டில் இருக்கும் பெரியம்மாவுக்கு மார்கழிக் குளிருக்கென்று ஒரு போர்வை தைத்தேன். இது மட்டும் வேட்டி அடுக்கு இல்லை, உள்ளே பழைய கம்பளி. அரக்குச் சிவப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றி, ஐந்து வாரச் சாயங்காலம். மலைக்குப் போகிற பஸ்ஸில் ஓரம் தைத்து முடித்துவிடலாம் என்று மடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் மூன்றாவதிலேயே நிஜ ஊசியைப் பைக்குள் போட்டுவிட்டேன், யாரும் முயல வேண்டாம். கொடுத்துவிட்டு வந்து பத்தாம் நாள் போன். ஒரு தடவை துவைத்தாராம், வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் ஆகிவிட்டன. "நல்லாத்தான்டி இருக்கு, ரோஸும் அழகுதானே" என்றார். அழுகை வந்துவிட்டது.

நேராக அக்காவிடம் போய்ச் சண்டை போட்டேன். அவர் ஒரு மூட்டையின் வாயைக் கட்டிக்கொண்டே, "நான் துணிதான் விக்கிறேன் கண்ணு, சாயத்துக்கு கேரண்டி விக்கலை. நனைச்சுப் பாக்காம யாராச்சும் வெட்டுவாங்களா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. அவசரத்தில் நனைக்காமல் வெட்டினது நான். ஆனாலும் புதிதாக வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை எச்சரிக்கலாம், அதைச் செய்வதில்லை, அதனால்தான் நட்சத்திரம் கேட்டால் மூன்றரைக்கு மேல் தரமாட்டேன். நீங்கள் செய்ய வேண்டியது: ஈர வெள்ளைத் துணியை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பிறகு வெட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் துவையுங்கள், பருத்தி சுருங்குவதும் அங்கேயே முடிந்துவிடும். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் சாயம் நின்றுவிடும் என்று பக்கத்து வீட்டிலிருந்து எல்லாரும் சொல்வார்கள். ஒழுங்காக ஏற்றாத சாயம் உப்புக்கெல்லாம் நிற்காது.

எப்போது போகலாம் என்றால், தீபாவளிக்கு முந்தின மூன்று வாரம். ஊரில் உள்ள தையல் மெஷின் எல்லாம் ராத்திரி பகலாக ஓடும், மூட்டைகள் கூரையைத் தொடும், துண்டுகளும் பெரிசாக இருக்கும். தொந்தரவு என்னவென்றால், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி. பதிப்பகங்களுக்கு அதற்குள் புத்தகம் அச்சாகி வர வேண்டும், ஆகவே எனக்கு ஐப்பசி, கார்த்திகை இரண்டும் முழுக்கப் படம்தான். குழந்தைகள் படப் புத்தகம் அனேகமாக 32 பக்கம், அச்சுத் தாளை மடிக்கிற கணக்குக்குப் பக்கங்கள் எட்டின் மடங்காக வர வேண்டும் என்பதால். அந்த 32-ல் கடைசி எட்டு எப்போதும் தீபாவளி லேகியம் சாப்பிட்டுக்கொண்டே வரைந்ததாக இருக்கும். முதல் வருஷம் மூட்டையை வாங்கிவந்து மேசைக்குப் பக்கத்தில் வைத்தேன். சும்மா பார்க்கலாம் என்று ஒரு கட்டு பிரித்தேன். மறுநாள் காலை பார்த்தால் அறுபது சதுரம் வெட்டிக் கிடக்கிறது, பக்கம் 17 வெள்ளையாகக் கிடக்கிறது. இப்போது தீபாவளிக்கு முன்பே வாங்கி, மூட்டையின் வாயை அக்காவையே இறுக்கித் தைக்கச் சொல்லிவிடுகிறேன், கோணி ஊசியில் சணல் கோர்த்து. வீட்டில் பரண் மேல் ஏற்றியாகிவிடும். பொங்கல் கழித்துத்தான் இறங்கும். இதற்கு அவர் காசு வாங்குவதில்லை, சிரிப்பது மட்டும் உண்டு.

ஞாயிறு மதியத்துக்கு மேல் கடை இல்லை. ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் போனால் ஷட்டரைப் பார்த்துவிட்டு வரலாம். சாதாரண நாளில் காலை பதினொன்றுக்கு முன் போங்கள், வாசல் வரை வெயில் இருக்கும், நிறம் தெரியும். உட்கார்ந்து பொறுக்கலாம், அவசரப்படுத்த மாட்டார், குனிந்து குனிந்து முதுகு மட்டும் போய்விடும். திரும்பும்போது ஒரு தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவே சட்னியும் பீட்ரூட் துருவலும்) சாப்பிடலாம், ஆனால் பீட்ரூட் கையோடு துணிப் பையைத் தொடாதீர்கள்.

போன வாரம் போனபோது அதே அரக்குச் சிவப்பு, பெரிய பெரிய துண்டாக ஒரு கட்டு வந்திருந்தது. அக்கா எடுத்து ஓரமாக வைத்திருந்தார், என்னைப் பார்த்ததும் எதுவும் சொல்லாமல் முன்னால் தள்ளினார். முக்கால் கிலோ. கொல்லையில் பக்கெட்டில் கிடக்கிறது, இன்று காலையில் மாற்றினது நான்காவது தண்ணீர். இன்னும் ரோஸாகத்தான் வருகிறது.